ஜன்னலில் குத்தியவர்கள்

ஆறுமடை மாநகராட்சிக்கு மேயர் தேர்தல் வந்தால் ஊரில் ஒரு கட்சிக்கொடியும் பறக்கக்கூடாது என்பது பழைய ஏற்பாடு. யார் செய்த ஏற்பாடு என்று கேட்டால் ஒருத்தர் துறைமுகத்தில் நடந்த வெட்டுக்குத்தைச் சொல்வார், இன்னொருத்தர் அதற்கும் முந்தைய ஒரு கலெக்டரைச் சொல்வார், எப்படியோ, நிற்கிறவர் தனி ஆளாக நிற்கவேண்டும், அவருக்கு ஒரு சின்னம் கொடுப்பார்கள், அந்தச் சின்னம்தான் அவருக்குக் கொடியும் கோத்திரமும். போட்ட ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கினால் நாற்காலி. யாருக்கும் பாதி தேறாவிட்டால் முதலில் வந்த இரண்டு பேரை மட்டும் நிறுத்தி மறுபடி ஒரு தேர்தல். அதற்கு எங்கள் ஊரில் மறுகுத்து என்று பேர். சீட்டில் ரப்பர் முத்திரை குத்திய காலத்தில் வந்த பேர் அது. மெஷின் வந்து பொத்தானை அமுக்கி 'பீப்' என்று சத்தம் கேட்கிற காலம் ஆனபிறகும் ஆறுமடைக்காரர்கள் ஓட்டுப் போடுவதில்லை, குத்துகிறார்கள்.

அந்த வருசம் மூன்று பேர் நின்றார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் சூசைமாணிக்கத்துக்கு ஜன்னல் சின்னம், பெரியாஸ்பத்திரியில் ஊரில் பாதிப்பேருக்குப் பேறுகாலம் பார்த்த பேராச்சி நர்சுக்குக் கதவு சின்னம், காண்ட்ராக்டர் தனுஷ்கோடிக்கு அடுப்பு. ஊருக்குப் பேர் தந்த ஆறு மடைகளில் ஐந்து மடை ஐப்பசி மழையைக் கடலுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது, ஆறாவது மடையின் மேல் தனுஷ்கோடியின் கல்யாண மண்டபம் உட்கார்ந்திருந்தது. அதனால் மழை பெய்தால் மேட்டுத்தெருக்கள் நனையும், பழைய மில் லைன் மாதிரித் தாழ்ந்த தெருக்கள் மிதக்கும். மேயரானால் மண்டபத்தின் சமையல்கட்டை இடித்து மடையைத் திறப்பேன் என்று பேராச்சி நர்சு சொன்னாள். மண்டபத்தில் ஏழைப்பெண்களுக்குக் கல்யாணம் நடத்துவேன் என்று தனுஷ்கோடி சொன்னார். சூசைமாணிக்கம் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, எல்லார் வீட்டு வாசலையும் எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

யாருக்கும் பாதி தேறவில்லை. அடுப்பும் கதவும் முந்தி நிற்க ஜன்னல் மூன்றாவதாக வந்து விலகியது. அந்த முடிவை ஒலிபெருக்கியில் வாசித்த மத்தியான நேரத்தில், ஜன்னலில் குத்தியவர்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சுவராகிவிட்டன.

இடிந்து விழவில்லை, யாரும் கல் வைத்து அடைக்கவும் இல்லை. கம்பியும் கொக்கியும் இருந்த இடத்தில் சுவர் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுவருக்கும் வீட்டின் வயசுதான், பாசி பிடித்த வீட்டில் பாசி பிடித்த சுவர், புதுச்சுண்ணாம்பு அடித்த வீட்டில் புதுச்சுண்ணாம்பு. ஒரு ஓட்டுக்கு ஒரு ஜன்னல் என்று கணக்கு. கடப்பாரை கொண்டு இடித்துப் பார்த்தவர்கள் உண்டு, இடித்த சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் இருந்தது, அதையும் இடித்தால் அதற்குப் பின்னாலும் இருந்தது, இடிக்கிறவர்களுக்குப் பசி வந்ததே தவிர வெளிச்சம் வரவில்லை. தேர்தல் அதிகாரியிடம் போய் முறையிட்டார்கள். அவர் சட்டப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஓட்டு ரகசியத்த நாங்க வெளிய விடலியே, சுவர் விட்டா நாங்க என்ன செய்ய முடியும்" என்றார். அதுவும் நியாயம்தான் என்று திரும்பி வந்தார்கள்.

ஊர் என்பது எதையும் இரண்டு நாள் பார்க்கும், மூன்றாவது நாள் அதில் துணி காயப்போடும். வாடகைக்கு விடுகிறவர்கள் 'ஜன்னல் உள்ள வீடு' என்று போர்டு எழுதினார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் சம்பந்தி வீட்டைச் சுற்றிவந்து ஜன்னல்களை எண்ணிவிட்டுப் பிறகு உள்ளே போனார்கள். அடைபட்ட இடத்தைத் திரைச்சீலை போட்டு மறைத்து, காற்று வராத திரைச்சீலையை அவ்வப்போது கையால் ஆட்டிவிட்டவர்களும் இருந்தார்கள். நாலு ஓட்டு உள்ள வீட்டில் ஒரு ஜன்னல் அடைபட்டால் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். ஓடைக்கரைக் குடிசைக்காரர்கள் ஜன்னலில்தான் அதிகம் குத்தியிருந்தார்கள், தங்களிடம் இல்லாத பொருளாயிற்றே என்று ஆசைப்பட்டுக் குத்தியிருந்தார்கள், குடிசைக்கு ஏது ஜன்னல், அவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. சூசைமாணிக்கம் அடைபட்ட ஜன்னல் ஒவ்வொன்றின் முன்னாலும் போய், தந்தி கொண்டுவந்தவர்போலத் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார்.

மில் லைனில் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், தலைக்கு மேல் தட்டட்டி என்ற தட்டைக் கூரை. அதில் பூவரச மரத்துக்கு எதிர்வீட்டில் முப்பிடாதியும் அவள் புருசன் அணைஞ்சபெருமாளும் இருந்தார்கள். அணைஞ்சபெருமாள் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய், கட்டிலோடு ஆனவர். அவர் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. கழுத்தில் விசில் தொங்கியது. தெருவில் போகிறவர்களுக்கு ஒரு விசில் கொடுத்தால் நில் என்று அர்த்தம், நின்று, வீட்டு நடப்பு, மாட்டு நடப்பு எல்லாம் சொல்லவேண்டும், அவர் இரண்டு விசில் கொடுத்தபிறகுதான் போகலாம். கீரைக்காரியிலிருந்து வட்டிக்காரன்வரை அந்த விசிலுக்குக் கட்டுப்பட்டார்கள். தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் டிரைவர்கள் அவருக்காக ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

முடிவு வாசித்த மத்தியானம் அவர் கீரைக்காரியை ஒரு விசிலில் நிறுத்தி, "ஒம் மருமவ திரும்பி வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "வந்தா அண்ணாச்சி, ஆனா" என்று அவள் தொடங்கினாள். அதற்குள் சுவர் வந்துவிட்டது. ஆனாவுக்குப் பிறகு உள்ளதெல்லாம் வெளியே நின்றுபோனது. இரண்டு விசில் கிடைக்காததால் கீரைக்காரி கூடையோடு கொஞ்சநேரம் வெயிலில் நின்றாள் என்று பிறகு சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் தலைமுடியை அள்ளி முடிந்தபடி வந்தாள். சொர்ணம், தாலி இழந்து தனியாக இருப்பவள், தனுஷ்கோடி மண்டபத்தில் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொடுத்துச் சாப்பிடுகிறவள், லைன் முழுக்க அடுப்புக்கு ஓட்டுக் கேட்டு அலைந்தவள்.

"ஏட்டி முப்பிடாதி, தபால்காரனுக்கா குத்துன? ஒனக்கு எவன் லெட்டர் போடுவான்னு குத்துன?"

முப்பிடாதி குண்டுபல்பைப் போட்டாள்.

"படுத்துக் கெடக்க மனுசனுக்கு அந்த ஒரு ஜன்னல்தான் இருந்திச்சு. அதயும் அடச்சிட்டியே பாவி."

"நான் அடுப்புலதான் குத்துனேன்" என்றார் அணைஞ்சபெருமாள், சுவரைப் பார்த்தபடி. "என்னையத் தூக்கிட்டுப்போவ ஆட்டோ அனுப்புனாம்லா. நன்றி வேண்டாமா மைனி?"

"அதச் சொல்லுங்க. நீங்க நன்றி உள்ளவுக. இவளுக்கு என்ன கேடு?"

முப்பிடாதி குத்தியது கதவில். வீட்டில் ஓட்டு இரண்டே இரண்டு. ஒன்று கதவுக்குப் போனது அவளுக்குத் தெரியும், ஜன்னலுக்குப் போனது எது என்பது அதனால் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "கை தவறிட்டு மைனி" என்றாள். அன்றிலிருந்து லைனில் அவளுக்கு ஜன்னல்காரி என்று பேர் விழுந்தது, அதையும் வாங்கிக்கொண்டாள்.

அவர் விசில் ஊதுவதை விட்டார். பகலிலும் குண்டுபல்பு எரிந்தது. ஹாரன் சத்தம் கேட்டால் மட்டும் முகம் சுவர்ப்பக்கம் போய்த் திரும்பும். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது, முதுகில் புண் வர ஆரம்பித்தது. முப்பிடாதி தெருவில் பார்த்ததையெல்லாம் கொண்டுவந்து சொன்னாள். கீரைக்காரி மருமகள் மறுபடி போய்விட்டாள் என்று சொன்னாள். "ம்" என்றார். வாயால் சொன்ன தெரு அவருக்குத் தெருவாகவில்லை.

மறுகுத்து நெருங்க நெருங்க ஊருக்குக் கணக்குப் புரிந்தது. தோற்ற சின்னம் குத்தியவன் வீட்டிலிருந்து போகும். அடுப்பு தோற்றால் அடுப்புக்காரர்கள் வீட்டில் அடுப்பு போகும், கதவு தோற்றால் கதவு போகும். அடுப்பு போனால் ஓட்டலில் சாப்பிடலாம், அக்கம்பக்கத்தில் ஒரு குழம்பு வாங்கலாம், கதவு போனால் என்ன செய்வது? யார் நல்ல மேயர் என்ற பேச்சு அத்தோடு நின்றது. எது இல்லாமல் இருக்கமுடியும் என்ற பேச்சு தொடங்கியது. தனுஷ்கோடி ஆட்கள் வீடுவீடாகச் சாம்பார்சாதப் பொட்டலம் கொடுத்து, "தைரியமா அடுப்புல குத்துங்க, தோத்தாலும் மண்டபத்துல பந்தி உண்டு" என்றார்கள்.

எல்லாரும் கதவில் குத்தினால் கதவு ஜெயிக்கும், ஒரு வீட்டுக் கதவும் அடைபடாது. இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் குத்துவானா என்பதுதான் தெரியவில்லை. மனசுக்குள் கதவு வைத்திருந்தவர்கள் எல்லாம் அடுத்தவன் முகத்தைப் பார்த்தார்கள், அடுத்தவன் இவர்கள் முகத்தைப் பார்த்தான், இரண்டு பேரும் அங்கே ஒன்றும் கண்டுபிடிக்காமல் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

பேராச்சி நர்சு மில் லைனுக்கு ஓட்டுக் கேட்க வந்தாள். பின்னால் கூட்டமில்லை, கையில் ஒரு குடை. பூவரச மரத்தடியில் நின்று, ஆஸ்பத்திரி வார்டில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"நான் ஜெயிச்சா மடையத் திறப்பேன், அதுல சந்தேகம் இல்ல. ஜெயிப்பேனான்னுதான் சந்தேகம். அதனால சொல்லுதேன். கைப்பிள்ள இருக்க வீடு, படுத்த படுக்கையா ஆளு இருக்க வீடு, கதவுல குத்தவேண்டாம்."

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்துவிட்டான். "ஓட்டுக் கேக்க வந்தீயளா, வேண்டாம்னு சொல்ல வந்தீயளா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்போ யாருதான் குத்த?"

"ஒத்தையா இருக்கவுக குத்தலாம். பொறத்தால இன்னொரு கதவு உள்ளவுக குத்தலாம்."

"மேட்டுத்தெருக்காரனுக்குத்தாம் ரெண்டு கதவு. அவனுக்கு மட எதுக்கு?"

நர்சு குடையை மடக்கி விரித்துப் பார்த்தாள். பிறகு முப்பிடாதியின் வீட்டுக்குள் போய் அணைஞ்சபெருமாளைப் புரட்டிப்போட்டு முதுகுப்புண்ணைப் பார்த்தாள், மருந்து போட்டாள். போகும்போது வாசலில் நின்ற முப்பிடாதியின் கையைப் பிடித்து, "நீ குத்தாதே, தாயி" என்றாள். தள்ளி நின்ற சொர்ணத்தைப் பார்த்து, "எப்படி இருக்க, சொர்ணம்" என்றாள். சொர்ணம் கேட்காததுபோல முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒரே பிள்ளை வயிற்றிலேயே செத்தபோது அவள் உயிரைப் பிடித்து நிறுத்தியவள் பேராச்சி என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும்.

ஓட்டுப்போடும் நாளில் தனுஷ்கோடியின் ஆட்டோ வந்தபோது அணைஞ்சபெருமாள், "நான் வரல" என்றார். முப்பிடாதி தனியாகப் போனாள். போன தடவை வைத்த மை ஆட்காட்டி விரலில் இன்னும் போகாததால் இந்தத் தடவை நடுவிரலில் வைத்தார்கள். அட்டை மறைப்புக்குள் குனிந்தாள். இரண்டு படம், இரண்டு பொத்தான்.

போன மழையை நினைத்தாள். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து, செங்கல் மேல் செங்கல் வைத்து, அதற்கு மேல் வைக்கச் செங்கல் இல்லாமல், அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டு அரிசிப்பானை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அன்றைக்கு அவர், "டிக்கெட் எடுக்காம எப்படிப் போவுது பாரு பானை" என்று சிரிப்புக் காட்டியது. அடுப்பில் குத்தினால் அந்தத் தண்ணீர் இந்த ஐப்பசியும் வரும், அடுத்த ஐப்பசியும் வரும். கதவில் குத்தித் தோற்றால் அவரோடு சேர்த்து அடைபட்டுப் போகும் வீடு. வெளியே அலுவலர், "சீக்கிரம்மா" என்றார். பீப் என்று சத்தம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார், "எதுல?"

"அடுப்புலதான்."

"நல்லவேள" என்றார். அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

எண்ணுகிற அன்று காலையில் முப்பிடாதி பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தாள். அரிசி டின், துணி மூட்டை, மண்ணெண்ணெய் ஸ்டவ். அணைஞ்சபெருமாள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் அவர் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தாள். கட்டில் கால் தரையில் கீறிக்கொண்டு நகர்ந்தது.

கொஞ்சதூரம் போனபிறகு அவர், "மெதுவா, நடையில படி இருக்கு" என்றார்.

அவள் நின்று மூச்சு வாங்கினாள்.

"முப்பிடாதி, அன்னைக்கு ஜன்னல்ல குத்துனது..."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் கதவுலல்லா குத்துனேன். ரெண்டு தடவையும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மேயரு கீயரு ஒண்ணும் மனசுல ஓடல. அந்தப் பெட்டியில நாலு கம்பி போட்ட ஜன்னல் படம் இருந்திச்சு. நம்ம ஜன்னலு மாதிரியே. பாத்தேன், அமுக்கிட்டேன். நம்மளதுதானன்னு அமுக்கிட்டேன்." பிறகு, "ஜன்னல்காரின்னு உன்னையச் சொல்லும்போதெல்லாம் நான் சும்மா கெடந்தேன்" என்றார்.

"கெடந்தா என்ன. கைய உள்ள வைங்க, நிலையில இடிக்கும்" என்றாள்.

கதவில் குத்தியவர்கள் யார் என்று அன்று ஊருக்கு முன்கூட்டியே தெரிந்துபோனது. கட்டிலையும் பானையையும் தெருவில் வைத்தவர்கள் கதவுக்காரர்கள். தெருவுக்கு ஒன்றிரண்டு வீடு, சில தெருக்களில் அதுவும் இல்லை. மற்றவர்கள் வாசலில் நின்று, இழவு வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சொர்ணம் வெளியே வந்தாள்.

"என்னட்டி, கட்டிலுக்கு வெயில் காட்டுதியா?"

சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு வாயோடு நின்றது. உள்ளே போனாள். ஒரு செம்புக்குடத்தைத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அந்நேரம் தனுஷ்கோடி ஆள் சைக்கிளில் பொட்டலத்தோடு லைனுக்குள் திரும்பினான். சொர்ணம் குடத்தை மறுபடி தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பிடாதி அதைப் பார்த்தாள், துலக்கக் கொண்டுவந்த குடம் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஒலிபெருக்கி வாசித்தது. அடுப்பு ஜெயித்ததை வாசித்தது, எவ்வளவில் ஜெயித்தது என்று வாசித்தது, அது அவ்வளவு பெரிய எண்ணிக்கை, வாசிக்கிறவருக்கே நடுவில் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. முப்பிடாதி வீட்டுக் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அவள் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் பக்கத்து வீட்டிலும் கதவு இல்லை. பொட்டலத்தை நீட்டியபடி சைக்கிள்காரன் அங்கே சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"சொர்ணக்கா?" என்றான்.

சுவருக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது.

ஊர் முழுக்க அன்று அப்படிக் கேட்டது. கட்டிலை வெளியே போட்டவர்களைவிடப் போடாதவர்கள் அதிகம். புருசனுக்குத் தெரியாமல் குத்தியவர்கள், முதலாளிக்குப் பயந்து பானையை வெளியே எடுக்காதவர்கள், கடைசி நேரத்தில் கதவு ஜெயித்துவிடும் என்று நம்பி உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள். பேராச்சி நர்சும் உள்ளேதான் இருந்தாள். என் பேரைச் சொல்லிக் குத்தியவர்கள் உள்ளே இருக்கையில் நான் எப்படி வெளியே நிற்க என்று கேட்டாளாம். கடப்பாரைகள் மறுபடி வந்தன. சுவருக்குப் பின்னால் சுவர் இருந்தது, தட்டட்டிக்குக் கீழே தட்டட்டி இருந்தது. யாருக்கும் சின்னமாகக் கொடுக்கப்படாத அங்கணக்குழி மட்டும் அடைபடாமல் இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருவுக்கு வருமே, அந்த ஓட்டை, ஒரு கை நுழையும் அளவுக்கு.

அதற்கும் ஊர் பழகியது. புது மேயர், கதவில்லா வீட்டினர் நலனுக்கு என்று ஒரு குழு போட்டார், குழு தெருத்தெருவாக வந்து அங்கணக்குழிக்குள் பொட்டலம் தள்ளியது. பேராச்சி வீட்டு அங்கணக்குழியில் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து கையை உள்ளே நீட்டினார்கள், அவள் உள்ளிருந்து நாடி பார்த்து, முகம் தெரியாத இருட்டிலிருந்து மருந்து பேர் சொன்னாள். அடுத்த தேர்தல் வந்தால் எல்லாம் திறந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். தேர்தல் அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார்.

முப்பிடாதி பூவரச மரத்துக்கும் சுவருக்கும் நடுவில், பழைய பிரச்சார ஃபிளெக்ஸைக் கூரையாகக் கட்டினாள். அதில் பெரிய அடுப்புப் படம். அதன் கீழே அணைஞ்சபெருமாளுக்கு இப்போது தெரு முழுவதும் கிடைத்தது. விசில் திரும்பி வந்தது. பஸ் டிரைவர்கள் தெருமுனையில் நின்று கைகாட்டிவிட்டுப் போனார்கள். கீரைக்காரியை நிறுத்தி, "ஆனான்னு நிப்பாட்டினியே, மிச்சத்தச் சொல்லு" என்றார். அவர் முகத்தில் வெயில் பட்டதைப் பார்க்கும்போதெல்லாம் முப்பிடாதிக்கு மனசு நிறைந்தது, நிறைந்த கையோடு பக்கத்துச் சுவரைப் பார்க்கவேண்டியிருந்தது.

தினமும் இட்லியோ கஞ்சியோ கொண்டுபோய் அங்கணக்குழியருகே குத்தவைத்து உட்காருவாள். உள்ளிருந்து சொர்ணத்தின் கை வரும். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒருநாள் கை இட்லியை வாங்காமல் முப்பிடாதியின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, நான் ஏன் குத்துனேன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"சொல்லுங்க மைனி."

"நீ குத்துவேன்னு எனக்குத் தெரியும். நீ குத்துனா லைனே குத்தும்னு நெனச்சேன்."

"நீங்க குத்துவீயன்னு நான் நெனைக்கவே இல்ல மைனி" என்றாள் முப்பிடாதி.

"அதாம்ட்டி" என்றது சுவர். "அதாம் தோத்துட்டோம்."

ஐப்பசி பிறந்து கடல்பக்கம் கறுத்தது. முதலில் ஃபிளெக்ஸில் படபடவென்று நாலைந்து சொட்டு, பிறகு எண்ணமுடியாமல். மேட்டுத்தெருவின் தண்ணீர் மில் லைனுக்கு இறங்கி வந்தது, மடையைத் தேடிப்போனது, அங்கே மண்டபத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், திரும்பி வந்தது. லைனில் கதவுள்ள வீட்டுக்காரர்கள் நடையில் மண்சாக்கை அடுக்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முப்பிடாதி கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துவிட்டு ஓடிவந்து அங்கணக்குழியருகே உட்கார்ந்தாள். உள்ளிருந்து தண்ணீர் வெளியேறுகிற ஓட்டைதான் அது. இப்போது தெரு அதன் விளிம்புவரை வந்து நின்று உள்ளே எட்டிப்பார்த்தது.

"முப்பிடாதி" என்றாள் சொர்ணம். "மழையா, ஏட்டி?"

"இல்ல மைனி. மேயரு வாராருன்னு லாரித் தண்ணி அடிக்காவ."

"மண் வாசம் வருதே?"

"தூசி அடங்கட்டும்னுதான் அடிக்காவ."

முப்பிடாதி முந்தானையைச் சுருட்டி ஓட்டையில் வைத்துத் தன் கையையும் அதோடு உள்ளே கொடுத்து அடைத்துக்கொண்டாள். உள்ளிருந்து அந்தக் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. பிடி இறுகியது, அதற்குமேல் சொர்ணம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் முப்பிடாதியின் முழங்கையைத் தொட்டது, முழங்கையைத் தாண்டியது.

கட்டிலில் இருந்து அணைஞ்சபெருமாள் இரண்டு பேரையும் பார்த்தார், ஒருத்தியை முழுதாக, இன்னொருத்தியைச் சுவராக. விசிலை வாயில் வைத்தார். மேலே, அடுப்புப் படத்தையும் தாண்டி, கறுத்துக் கிடந்த வானத்தைப் பார்த்து, ஓடுகிற பஸ்ஸை நிறுத்த ஊதுவதுபோல நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, நீளமாக ஒரே ஒரு விசில் கொடுத்தார். தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த பஸ் நின்றது. குடையோடு போனவன் நின்றான். மழை மட்டும் அவர் விசிலுக்கு நிற்கிற பழக்கம் இல்லாதது, அது பெய்துகொண்டே இருந்தது. அவரும் இரண்டாவது விசில் கொடுக்கவில்லை.